பதினோரு நாள் ஓடிய வண்டி

1

போன வாரம் என் மகள் இலக்கியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது தலைப்பு. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், ஷார்ஜாவில் பிறந்தவள். நாங்கள் பேசுகிற தமிழெல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். நாமக்கல்லில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் பேசும்போதுகூட நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டினாள். 'என் அப்பா செத்துப்போன கார்களுக்கு உயிர் கொடுக்கிறார்' என்று ஒரு வரி. டீச்சருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டதாம். கடைசியில் ஒரு கேள்வி மீதம் இருந்தது. அப்பா செய்ததிலேயே அவர் ரொம்பப் பெருமைப்படுகிற வண்டி எது?

"போயி சாப்பிடு அம்மிணி" என்றேன்.

"அப்பா, ஒன் கார் போதும். ப்ளீஸ்."

அடுப்படியிலிருந்து மல்லிகா குரல் கொடுத்தாள். "சொல்லித் தொலைங்களே. என்னமோ கவர்னரு பதவியக் கேட்ட மாதிரி யோசிக்கறீங்க?"

ஏதோ ஒரு வண்டியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் பெருமைப்பட வேண்டிய வண்டியும், வாய் திறந்து பேச முடியாத வண்டியும் ஒன்றே. மல்லிகாவுக்கே இது முழுசாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை என்பதால் தூரத்தில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் துபாயில் கார் கம்பெனி வைத்திருப்பதாக ஊரில் இரண்டு மூன்று பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் இருப்பது அதே துபாயில் ராஸ் அல் கோர் என்ற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. இங்கே வசதியான அரபிப் பையன்களுக்கு அறுபது, எழுபதுகளில் வந்த அமெரிக்கக் கார்கள் மேல் ஒரு பைத்தியம். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர் எஞ்சின். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் ஓடினாலே அதிசயம். அமெரிக்காவில் எவன் வீட்டுக் கொல்லையிலோ துருப்பிடித்துக் கிடந்ததைக் கன்டெய்னரில் வரவழைத்துக் கொண்டுவந்து போடுவார்கள். துருவை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, சீட்டுக்கு சத்வா கடைத்தெருவில் தோல் தைத்து, பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய எஞ்சினை உட்கார வைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. நான் சொல்லப்போகிற வண்டியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அந்த மாதிரி வண்டி இங்கே ஒரு கை விரலுக்குள்தான் இருக்கிறது. பெயர் சொன்னால் வீடு தெரிந்துவிடும்.

தொழில் கற்றது நாமக்கல்லில், லாரிப் பட்டறையில். இருபத்திரண்டு வயதில் எனக்கு வாய் ஜாஸ்தி. ஒரு தடவை மினி பஸ் ஒன்று பிரேக் வேலைக்கு வந்தது. வேலை முடியவில்லை, மறுநாள் முகூர்த்தம், வண்டி வேண்டும் என்று ஓனர் குதித்தார். சாவியை எடுத்து அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். "வேணும்னா என்னைய வெட்டிப்போட்டுட்டு எடுத்துக்கோங்" என்றேன். அவர் எங்கள் முதலாளிக்குச் சொந்தம் வேறு. முதலாளி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், ஆனால் சாவியைக் கேட்கவில்லை. கல்யாணக் கூட்டம் வேறு வண்டியில் போனது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அது ஊரில். இங்கே வந்து இறங்கிய முதல் வாரமே கூட இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: அர்பாபிடம் 'மாஃபி' சொல்லாதே. அர்பாப் என்றால் முதலாளி, மாஃபி என்றால் இல்லை, கிடையாது. வேலை முடிந்ததா என்றால் 'தமாம்', எல்லாம் சரி. முடியவில்லை என்றாலும் 'தமாம், இன்ஷா அல்லாஹ்'. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கிறது, விசா அவர்கள் கையில் இருக்கிறது. ஒரு வருடத்தில் என் வாயிலும் அந்தத் தமாம் தானாக வர ஆரம்பித்துவிட்டது.

3

அப்போது ஷார்ஜாவில் வேறொரு கராஜில் இருந்தேன். என் விசாவில் தொழில் 'தச்சர்' என்று இருந்தது. கம்பெனிக்குக் கிடைத்த விசா தச்சருக்கானது, வந்த ஆள் மெக்கானிக். இங்கே இதெல்லாம் யாருக்கும் ஆச்சரியமில்லை. நான் வந்த புதிதில் இருந்த ரூமில் சமையல்காரர் விசாவில் ஒரு எலக்ட்ரீசியன் இருந்தார், அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது.

ஸயீத் என்ற பையன் அந்த வண்டியைக் கொண்டுவந்தான். இருபத்திரண்டு வயது. கதிரேசன் என்று சொல்ல வராது, 'யா கதீர்' என்பான். அர்பாபுகள் பெரும்பாலும் ஏசி ரூமைத் தாண்டி வர மாட்டார்கள். இவன் கந்தூராவை, அந்த நீள வெள்ளை அங்கியை, முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு வண்டிக்கு அடியில் படுப்பான். எஞ்சின் உட்காருகிற மௌன்டை நான் பற்றவைக்கும்போது டார்ச் பிடிப்பான். அவனை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வண்டியில் பழையதைப் போல இரண்டு மடங்கு பலமுள்ள எஞ்சினை வைத்தோம். அந்தக் காலத்து வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய எஞ்சினுக்கு அது போதும், இதற்குப் போதாது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றியே ஆக வேண்டும். அதற்கான சாமான் அமெரிக்காவிலிருந்து வந்து, ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று கஸ்டம்ஸில் நின்றுவிட்டது. ஸயீதுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி வேண்டும். அன்றைக்கென்று சிநேகிதர்களைக் கூட்டி வைத்திருந்தான்.

எங்கள் ஃபோர்மேன் மலையாளி. நல்ல மனுசர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வண்டி கொண்டு கொடுத்துக்கோ. பிரேக் மாற்றியிட்டில்லை, சாமான் வந்தால் விளிக்காம், அதுவரை வேகம் வேண்டா. நீ தன்னே அவனிடம் பறயணும்."

பிரேக் மாற்றவில்லை, சாமான் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று நானே அவனிடம் சொல்ல வேண்டும். சரி சேட்டா என்றேன்.

வண்டியை அவன் வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஏழெட்டுப் பையன்கள். சத்தத்தைக் கேட்டதும் கை தட்டினார்கள். ஸயீத் ஓடிவந்து, எண்ணெய்க் கையோடு இருந்த என்னைக் கட்டிப்பிடித்தான். உள்ளிருந்து அவன் அம்மா ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் கொடுத்தனுப்பினார். கதவுக்குப் பக்கத்தில், இங்கத்துப் பெண்கள் போடுகிற முகமூடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே குடித்தேன். பிரேக் விஷயம் நாக்கு நுனியில் இருந்தது.

"குல்லு தமாம், யா கதீர்?" என்று கேட்டான் ஸயீத். எல்லாம் சரியா என்று அர்த்தம்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து மாஃபி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"தமாம், அர்பாப்" என்றேன்.

அவன் சாவியை வாங்கிக்கொண்டான். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த பதினோரு நாளும் இன்றைக்கு போன் பண்ணிச் சொல்லிவிடலாம், நாளைக்கு சாமான் வந்துவிடும் என்றே ஓடியது. நம்பர் ஆபீஸ் நோட்டில் இருந்தது. நான் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வருகிற வழியில், தைத் போகிற ரோட்டின் ரவுண்டபவுட்டில் வண்டி நிற்காமல் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. ஸயீத் அங்கேயே இறந்துபோனான்.

சனிக்கிழமை ஃபோர்மேன் என்னைக் கேட்டார். "நீ பறஞ்சதல்லே?"

"சொன்னேன் சேட்டா" என்றேன்.

மூன்று நாள் கழித்து டிஸ்க் பிரேக் பெட்டி கஸ்டம்ஸிலிருந்து வந்து சேர்ந்தது. அதை யாரும் பிரிக்கவில்லை.

4

போலீஸ் கராஜுக்கு வந்தார்கள். ஒரு சின்ன அதிகாரி, லேபர் கார்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். மெக்கானிக் என்று இருந்தவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். என் கார்டைப் பார்த்தார், தச்சர் என்றிருந்தது, ஓரமாக வைத்துவிட்டார். ஒரு தச்சனிடம் காரைப் பற்றி என்ன கேட்பது? கடைசியில் அதிவேகம் என்று எழுதி கேஸை முடித்தார்கள். அது பொய்யும் இல்லை. அவன் வேகமாகத்தான் வந்திருப்பான். நல்ல பிரேக் இருந்திருந்தால் நின்றிருப்பானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றும். ஆமாம் நீதான் என்றோ, இல்லை நீ இல்லை என்றோ எவனாவது சொல்லிவிட்டால் போதும்.

நாமக்கல்லுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். ஏன் சாமி, உடம்பு கிடம்பு சரியில்லையா என்றார். அதெல்லாம் இல்லை என்றேன். இலக்கியாவுக்கு அப்போது ஏழு வயது, ஸ்கூல் சேர்த்திருந்தது. போகவில்லை. விசாவை மாற்றிக்கொண்டு துபாய்க்கு வந்தேன். இந்தத் தடவை கார்டில் மெக்கானிக் என்றே போட்டார்கள்.

அதன் பிறகு இந்த எட்டு சிலிண்டர் சத்தம் கேட்டாலே கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். அந்தச் சத்தத்திலேயே பத்து மணி நேரம் டூட்டி பார்ப்பவன் நான். ரவுண்டபவுட் வந்தால் என் கால் தானாக பிரேக்கைத் தேடும், பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருந்தாலும்கூட.

5

ஐந்து வருடம் கழித்து, போன வருடம், ரெக்கவரி லாரியில் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி எங்கள் கொட்டகைக்கு வந்தது. கூட வந்த பையன் பெயர் ஹமத். விபத்தான வண்டி, பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்றான். தார்ப்பாயை விலக்கினேன். இடது முன்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. கலர் வெளுத்திருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வலதுபக்க முன் ஃபெண்டரைக் கழற்றினோம். கூடப் பிடித்தவர் சாகுல் பாய், கீழக்கரைக்காரர், எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரைப் பார்ப்பவர். தகட்டின் உள்பக்கம் மார்க்கரில் தமிழில் எழுதியிருந்தது: 'வலது முன். மேல் போல்ட் கவனம்.' என் கையெழுத்து. எனக்குக் கழற்றும்போதே எழுதி வைக்கிற பழக்கம் உண்டு, நாமக்கல்லிலிருந்து வந்த பழக்கம்.

சாகுல் பாய் அதைப் படித்தார். ஷார்ஜாவில் நான் செய்த வண்டியில் ஒரு பையன் இறந்தது வரை அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார்.

"இது ஒன் எழுத்துல்ல?"

"ஆமாங்க பாய்."

"அந்தப் பையன் மவுத்தான வண்டியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். தமாம் சொன்னதையும் சொன்னேன். பிறகு தின்னரில் துணியை நனைத்து அந்த எழுத்தை அவரே துடைத்தார்.

"வாயத் தொறக்காத கதிரேசா. செத்தவன் திரும்பி வரமாட்டான். நீ சொன்னா ஒன்னயப் புடிச்சு உள்ள வப்பாங்க, இல்லாட்டி ஏத்தி அனுப்புவாங்க. புள்ள படிப்பு நடுவுல நிக்குது. வேலய முடிச்சுக் குடுத்துட்டு நம்ம சோலியப் பாப்போம்."

"வேற ஆள வச்சு செய்யச் சொல்லுங்க பாய். என்னால தொட முடியலைங்க."

"ஏன், எதுக்குன்னு முதலாளி கேப்பாரு. என்ன சொல்லுவ?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன்.

6

நாலு மாதம் ஆனது. முதலில் பிரேக்கைத்தான் செய்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள், பாடி கோணலாகக் கிடக்கும்போது எவனாவது பிரேக் மாட்டுவானா என்று. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டேன். கழற்றி மாட்டினேன், மறுபடியும் கழற்றி மாட்டினேன். வண்டி அரசாங்கச் சோதனைக்கு, பாஸிங்குக்குப் போனபோது சேஸிஸ் நம்பரில் ஒரு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் பிரேக் சோதனை செய்தார்கள், ஒவ்வொரு தடவையும் பாஸ். அங்கிருந்த அதிகாரி சலித்துக்கொண்டு, "பிரேக் நல்லாத்தான் இருக்கு, இதுக்கு ஏன் பக்கத்துலயே நிக்கிறே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

ஹமத் ஸயீதின் தம்பி, இதை ஓட்டுவதற்காகச் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் அம்மாவுக்கு அந்தச் சத்தம் வேண்டுமாம். ஸயீத் தெருமுனையில் திரும்பும்போதே அவருக்குக் கேட்கும், கேட்டதும் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்வாராம். பதினோரு நாள்தான். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது, ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். ஹமத் இரண்டு விதமான சைலன்ஸர் வாங்கி வந்தான். மாட்டி, ஓட்டிக்கொண்டு போய், திரும்பி வந்தான். இரண்டு தடவையும் அம்மா தலையை ஆட்டிவிட்டார், இது இல்லை என்று.

எந்தச் சத்தம் என்று உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அப்போது ஷார்ஜாவில் சரியான பைப் கிடைக்காமல் இடதுபக்கத்தை ஒரு சாண் குறைத்து நானே வளைத்துப் போட்டிருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் ஒன்றாக ஒலிக்காது, ஒரு கனைப்பு இருக்கும். ஸயீதுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மோதியதில் அந்தப் பைப் போய்விட்டது.

சாகுல் பாய் வேண்டாம் என்றார். "இத நீ செஞ்சீன்னா நீயே கையெழுத்துப் போட்டு மாட்டுன மாதிரி." கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு நான் திருப்பிக் கொடுக்க முடிந்தது அந்த ஒன்றுதான். பைப்பை வெட்டி வளைத்துப் பற்றவைத்தேன். ஸ்டார்ட் பண்ணினேன். கனைத்தது. கொட்டகையில் எல்லாரும் பார்க்க அழுதேன், தின்னர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

ஹமத் ஓட்டிக்கொண்டு போனான். மத்தியானம் போன் வந்தது. பைப் போட்ட ஆளை அம்மா வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்கிறார் என்றான்.

7

வழியெல்லாம் ஒரே முடிவு. கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஜெயிலோ, ஊரோ, ஆனது ஆகட்டும். மல்லிகாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்.

அதே வீடு. ஹமத் என்னை முற்றத்தில் விட்டுவிட்டு, பிற்பகல் நேரத்து அஸர் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனான். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இங்கே வீட்டம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும், இப்போது பழகிவிட்டது. அவர் பேசியது ஹிந்தியும் அரபியும் கலந்த பேச்சு, எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீ முன்பும் வந்திருக்கிறாய்" என்றார். "வண்டியைக் கொண்டுவந்தவன் நீ. நின்றுகொண்டே கஹ்வா குடித்தாய்."

"ஆமாம், மாமா."

"இன்று அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், சோறு எடுத்து வைக்க." முகமூடிக்குள் அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டார்: "அன்று அவனிடம் நீ ஏதாவது சொன்னாயா? மெதுவாகப் போ என்று, ஜாக்கிரதை என்று, யாராவது ஒருத்தர் அவனிடம் சொன்னீர்களா?"

இதற்குத்தான் வந்தேன். வாயைத் திறந்தேன்.

"சொன்னேன், மாமா. பிரேக் இன்னும் மாத்தல, ஒரு வாரம் வேகமாப் போகாதீங்கன்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு. கேட்கலை."

என் காதில் விழுந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது. செத்துப்போன பையன் மேல் பழியைப் போட்டுவிட்டேன். டார்ச் பிடித்த பையன் மேல். இல்லை, பொய் சொல்லிவிட்டேன் என்று அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த அம்மா வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "கேட்க மாட்டான்" என்றார். "என் பேச்சையும் கேட்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படி." பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வேலைக்கு வந்தவனுக்காக அந்த வீட்டில் யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் ஹஜ்ஜுக்குப் போகிறேன்" என்றார். "போவதற்கு முன் யாருக்கெல்லாம் அநியாயம் செய்தேனோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் கராஜ்காரன் என்றுதான் சொல்வேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு தொழுகையிலும் உன்னைச் சபித்தேன். சொல்லாமல் கொடுத்துவிட்டான், அவன் தாயும் என்னைப் போல வாசலைப் பார்த்து உட்காரட்டும் என்று கேட்டேன். உன் தாய் நன்றாக இருக்கிறாளா?"

"நல்லா இருக்காங்க, மாமா."

"அல்ஹம்துலில்லாஹ். நீ சொல்லியிருக்கிறாய். நான்தான் தெரியாமல் பாவம் செய்துவிட்டேன். என்னை மன்னித்துவிட்டேன் என்று உன் வாயால் சொல். நீ சொல்லாவிட்டால் நான் எப்படிப் போவேன்?"

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மா இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"மன்னிச்சுட்டேன், மாமா" என்றேன்.

காதில் விழவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல் என்றார்.

சத்தமாகச் சொன்னேன்.